முதுகில் ஒற்றைக் கொம்பு

ஷாபானின் முன்பல் என் விரல் முட்டியில் குத்தி நின்றபோதே, இந்தச் சண்டை இன்றோடு முடியப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மே மாதத் திருவிழா. கராபுனார் புல்வெளிக் கோதா. சுற்றிலும் ஆயிரம் பேர். எங்கள் தெலியோர்மான் பக்கத்தில் எண்ணெய் மல்யுத்தத்துக்கு ஒரு முறை உண்டு. இறங்குகிற இரண்டு பேரும் மார்பிலும் கையிலும் தாங்களே எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும். முதுகுக்கு எதிராளிதான் பூசுவான். தன்னைத் தூக்கி அடிக்க வந்தவனைத் தன் கையாலேயே வழுக்கலாக்கிவிட வேண்டும். பூச மறுத்தால் மோதல் கிடையாது. 'நீ மனிதனே இல்லை' என்று ஊர் முன்னால் சொன்ன மாதிரி.

நான் ஷாபானின் முதுகுக்குப் பூசி முடித்துத் திரும்பி நின்றேன். சூரியகாந்தி எண்ணெய் ஜாடி என் பின்னால் புல்லில் இருந்தது. அவன் கை வரவே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ஷாபான் தன் கைகளைப் புல்லில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சொறி!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "எங்க ஊர்ல இப்படி இருக்கிற ஆட்டைக்கூட மந்தைல விட மாட்டோம். இவன் கோதாவுக்கே வந்துட்டான்!"

என் மார்பு, தோள், வயிறு எங்கும் சிவப்புப் புள்ளிகள். பெயின்ட் பிரஷ்ஷை உதறின மாதிரி நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைச் செதில். வந்து பத்து நாளாகியிருந்தது. எண்ணெய் பட்டதும் இன்னும் சிவந்து எரிந்தன.

அடித்தேன். அவன் பல் உடைந்தது. அவன் என் காதைப் பிடித்துத் திருகி மூக்கில் முட்டினான். எனக்கு ரத்தம் வாய்க்குள் போனது. இரண்டு ஊர் ஆட்களும் கோதாவுக்குள் குதித்தார்கள். முரசு அடிக்கிறவனின் குச்சியைப் பிடுங்கி ஒருவன் என் தலையில் போட்டான். களத்தலைவர் எமின் மைக்கில் "நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் என்னைத்தான் நாலு பேர் காலைப் பிடித்துப் புல்லில் இழுத்துக்கொண்டு போய் வெளியே எறிந்தார்கள்.

"இன்னொரு தடவ கோதால கால வச்சே, உன் தோல நானே உரிச்சிருவேன்!" ஷாபான் ரத்த வாயோடு கத்தினான். ஊரே கேட்டது.

என்னைத் தூக்கி டிராக்டரில் போட்டவன் என் அண்ணன் ஹில்மி. அவனும் ஒரு காலத்தில் மல்லன்தான். முழங்கால் போனதிலிருந்து கோதா ஓரத்தில் செம்புக் கூஜாவோடு நிற்பான். அந்தக் கூஜாவில் அவன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கொடுப்பான். எவனாவது எதையாவது கலந்து வைத்திருந்தால் முதலில் தனக்கு ஆகட்டும் என்று. பயிற்சி நாளிலும் அதே கூஜா, அதே முறை. ஆறு வருடமாக.

"உன்னாலதான்டா எல்லாம்" என்றான் ஹில்மி, வண்டியை ஓட்டிக்கொண்டே. "புள்ளி மறையற வரைக்கும் வீட்டுல கெடன்னு சொன்னேன்ல?"

"நீ தேய்ச்சதுலதான்ணே ஜாஸ்தியாச்சு."

அது உண்மை. புள்ளி வந்த மூன்றாம் நாள், மாட்டுச் சொறிக்குப் போடுகிற கந்தகத்தை மண்ணெண்ணெயில் குழைத்து, குதிரை பிரஷ்ஷால் என்னைத் தொழுவத்தில் நிற்க வைத்துத் தேய்த்திருந்தான். நான் கத்தக் கத்தத் தேய்த்தான். பிரஷ் போன வழியெல்லாம் ஒரு வாரம் கழித்துப் புதிய புள்ளிகள் வரிசையாக வந்தன.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி குல்செரென் இல்லை. இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். மேஜை மேல் ரொட்டியும் வெள்ளைச் சீஸும் மூடி வைத்திருந்தாள். போனில் ஹில்மியிடம் அவள் சொன்னது எனக்கே கேட்டது.

"ஊரே பாத்துச்சு. உன் தம்பி அந்த ஒடம்ப ஊர் ஊராக் காட்டிட்டுத் திரியற வரைக்கும் நானும் புள்ளையும் வர மாட்டோம்."

ஹில்மி போனைச் சுவரில் எறிந்தான்.

மறுநாள் ராஸ்கிராட் நகரத்துக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்தேன். பெயர் ஸ்வெத்கோவா. என் வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றியதும் விசில் அடிக்காத குறை.

"மூக்கு எப்படி உடைஞ்சது?"

"சொறின்னு சொன்னான், அடிச்சேன், அவனும் அடிச்சான்."

"சொறி இல்லை. யாருக்கும் ஒட்டாது. சொரியாசிஸ். அதுல துளித்துளியா வர்ற வகை. ஒரு மாசம் முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?"

வந்திருந்தது. காய்ச்சலோடு நாலு நாள், எச்சில்கூட விழுங்க முடியாமல். அவளுக்கு எப்படித் தெரியும் என்று முழித்தேன்.

பஞ்சுக் குச்சியைத் தொண்டைக்குள் விட்டு எடுத்துக்கொண்டே சொன்னாள்: "தொண்டைல ஒரு கிருமி உக்காருது. அது ஒரு நஞ்சைக் கக்குது. அந்த நஞ்சு உங்க ஒடம்போட காவல்காரங்களுக்குச் சாராயம் ஊத்தின மாதிரி. நூறு பேர் எழுந்திருக்க வேண்டிய எடத்துல லட்சம் பேர் கம்போட எழுந்திருக்கறாங்க. கிருமியோட முகமும் உங்க தோலோட முகமும் கொஞ்சம் ஒரே ஜாடை. ஆள் மாறிப்போச்சு. உங்க தோலையே போட்டு அடிக்கிறாங்க."

"என் ஆளுங்களே என்னையா?"

"உங்க ஆளுங்களேதான். நல்ல எண்ணத்துலதான் அடிக்கிறாங்க. நிறுத்தத்தான் தெரியல. இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறோம். முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது." பிரஷ் போட்ட வரிகளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இது யாரு பண்ணது?"

"அண்ணன். கந்தகம், மண்ணெண்ணெய்."

"அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் அவரைத் தேய்க்கறேன். கேட்டுக்கங்க. இந்தத் தோலைக் கீறினா, அடிச்சா, உரசினா, ஒண்ணு ரெண்டு வாரத்துல அந்த எடத்துலயே, அந்த வடிவத்துலயே முளைக்கும். ஒருத்தர் நகத்தால தன் பேரைக் கீறி விளையாண்டார். அந்தக் கீறலே எழுத்தா வந்துச்சு."

மாத்திரை கொடுத்தாள், களிம்பு கொடுத்தாள். நான் கேட்டதைத் தாளில் எழுதி முத்திரை வைத்தும் கொடுத்தாள்: 'ஒட்டும் நோய் அல்ல. மல்யுத்தம் செய்யலாம்.' கீழே கையால், 'ஆனால் செய்யாமல் இருந்தால் நல்லது' என்று சேர்த்திருந்தாள். அந்த வரியை நான் கிழித்துவிட்டேன்.

ஹில்மியிடம் தாளைக் காட்டினேன். "ஜூன் மொத வாரம் பெரிய கோதா. இதை மைக்ல படிக்கச் சொல்வேன். ஷாபான் என் முதுகுக்கு எண்ணெய் பூசியே ஆகணும். ஊர் பாக்கப் பூசணும்."

"வேணாம்டா."

"பூச வைக்கறேன் பாரு."

"குல்செரென் திரும்பி வரட்டும். இந்த வருசம் விட்டுரு. கால்ல வேணா விழறேன்."

"நான் என்ன திருடனா, ஒளிஞ்சுக் கெடக்க?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அதற்கு மூன்றாம் நாள். எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து, அந்தி நேரத்தில், வயல் வழியாக வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு சாக்கு தலை மேல் விழுந்தது. சூரியகாந்தி விதைச் சாக்கு. உள்ளே தூசி, இருட்டு. திமிறுவதற்குள் இடது முழங்காலில் கட்டை இறங்கியது. என் பலவீனமான கால் அது. மண்டி போட்டேன். சட்டை கிழிந்தது.

பிறகு பெல்ட். தோல் பக்கம் இல்லை, கொக்கிப் பக்கம். முதல் அடியில் மூச்சு நின்றது. இரண்டாவது தோள்பட்டைக்கு நடுவில். கை நீட்டித் துழாவி ஒரு காலைப் பிடித்துவிட்டேன். பிடித்ததும் அடி வேகமானது. வெறி பிடித்த மாதிரி விழுந்தது. ஏழு, எட்டு, பத்து. எண்ணிக்கை தவறிப்போனது. வாயில் மண். அடித்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு இரைக்கிற சத்தம் மட்டும். மூன்று பேராவது இருப்பார்கள் என்று நினைத்தேன்.

என்னை முதலில் கண்டெடுத்தவன் ஹில்மி. தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினான். நொண்டிக்கொண்டே, அழுதுகொண்டே ஓடினான்.

"ஷாபான் நாயி" என்றேன்.

"பேசாதடா. மூச்சு விடு."

மறுநாள் டாக்டரம்மா முதுகைப் பார்த்தாள். வீங்கி, கறுத்து, தோல் கிழிந்து, ஒரே சதைக் குழம்பாக இருந்தது. போலீஸுக்குப் போகச் சொன்னாள். கோதா விவகாரத்தைக் கோதாவில் தீர்த்துக்கொள்வேன் என்றேன். ஷாபானின் வலது கையை எப்படி முறிப்பது என்று படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வொரு பிடியாக யோசித்துக்கொண்டிருந்தேன். குப்புறக் கிடந்து யோசிக்க நிறைய நேரம் இருந்தது.

தினமும் காலையும் மாலையும் ஹில்மி என் முதுகுக்குக் களிம்பு தடவினான். அம்மா செத்த பிறகு என்னிடம் அவன் அவ்வளவு மென்மையாக இருந்ததே இல்லை. "எப்படி இருக்குண்ணே?" என்று கேட்பேன். "ஆறுது, ஆறுது" என்பான்.

பத்தாம் நாளிலிருந்து அவன் தடவுகிற விதம் மாறியது. அவன் விரல் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை தடவியவன் ஐந்து தடவை தடவ ஆரம்பித்தான். எதையோ அழிக்கப் பார்க்கிறவன் மாதிரி அழுத்தினான்.

"வலிக்குதுண்ணே, மெதுவா."

"சரிடா, சரிடா."

அந்த நாட்களில் அவன் கால்சட்டையைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தான். "பெல்ட் என்னாச்சு?" என்றேன். "தொப்பை வந்துருச்சு, எட்டல" என்றான். நானும் சிரித்துவிட்டேன்.

மாத்திரை முடித்த பிறகு எடுத்த சோதனையில், தொண்டையில் கிருமி மறுபடியும் இருந்தது. ஸ்வெத்கோவா போனில் கடுப்பானாள். "மாத்திரை முடிச்சும் திரும்ப வந்திருக்குன்னா யாரோ உங்களுக்கு ஊட்டறாங்க. யாரோட எச்சில் குடிக்கிறீங்க?"

"யாரோடயும் இல்ல. அண்ணன்கூட ஒரே கூஜா, அவ்ளோதான்."

"அவ்ளோதானா! அவரை உடனே அனுப்புங்க."

ஹில்மி வரமாட்டேன் என்றான். "எனக்கு என்ன கேடு? ஒரு தும்மல் உண்டா?"

பெரிய கோதா நாள் விடிந்தது. கோதாவில் போடுகிற என் தோல் கால்சட்டையைக் காணோம். வீடு முழுக்கத் தேடி, கடைசியில் வைக்கோலுக்கு அடியில் கண்டுபிடித்தேன். ஹில்மி வாசலை மறித்து நின்றான்.

"போவாத."

"வழி விடுண்ணே."

"சரி, போ. ஆனா முதுகுக்கு நானே பூசிடறேன்டா. அந்த நாயி கை உன்மேல பட வேணாம். சட்டை போட்டே கோதா வரைக்கும் வா."

"அதுக்குத்தானேண்ணே போறதே! அவன்தான் பூசணும்."

அவன் ஒதுங்கினான். கூஜாவை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தான்.

எமின் மைக்கில் டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "ஒட்டாதாம்! கேட்டுச்சா? முத்திரை இருக்கு. பூச மாட்டேன்னு எவன் சொன்னாலும் அவனுக்குத் தோல்வி." கூட்டம் ஊளையிட்டது. ஷாபான் முன்பல் இல்லாத வாயோடு என்னை முறைத்தான்.

"முதுகெல்லாம் தேஞ்சு போயிருக்கும், இல்ல? பாய்ல படுத்துப் படுத்து?" என்றான்.

"பூசுடா. அப்புறம் அந்தக் கைக்குக் கட்டுப் போடலாம்."

நான் அவனுக்குப் பூசினேன். திரும்பி, சட்டையைக் கழற்றி எறிந்தேன். அவன் உள்ளங்கை என் தோளில் விழுந்தது. இதற்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். அந்தக் கை கீழே இறங்கி வரட்டும், முடிந்ததும் உடைக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கை நடு முதுகில் நின்றது.

"டேய்" என்றான் ஷாபான். குரல் மாறியிருந்தது. "ஒன்ன அடிச்சது யாரு?"

"நடிக்காத."

"நான் அடிக்கலடா. திரும்பாத, நில்லு." அவன் விரல் என் தோலில் ஒரு கோடு போட்டது. "இது மூக்கு. இது கண்ணு. இது ஒரு கொம்பு. இன்னொரு கொம்பு இல்ல, பாதிலயே நின்னுருச்சு. மாட்டுத் தலைடா. மூணு எடத்துல இருக்கு. எமின் மாமா, ஒரு போட்டோ எடுங்க!"

எமின் வந்து போனில் எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். பார்த்தேன். என் முதுகு நடுவில், செக்கச் செவேலென்று, ஓரமெல்லாம் வெள்ளிச் செதிலோடு, மூன்று காளைத் தலைகள். யாரோ முத்திரை குத்தின மாதிரி. மூன்றிலும் வலது கொம்பு மட்டும் பாதியில் முறிந்திருந்தது.

"எங்க வீட்டு பெல்ட்டோட கொக்கி அது" என்றான் ஷாபான் மெதுவாக. "எட்டு வருசம் முன்னாடி எங்கண்ணன் பந்தயத்துல தோத்துக் கழட்டிக் குடுத்தான். சின்ன வயசுல அந்தக் கொம்ப ஒடச்சவனே நான்தான். யாரு கிட்ட தோத்தான்னு உனக்கே தெரியும்."

தெரியும். எட்டு வருடமாக அந்தப் பெல்ட் பகலில் ஹில்மியின் இடுப்பிலும் ராத்திரி எங்கள் வீட்டு ஆணியிலும்தான் இருந்தது.

கோதா ஓரத்தில் ஹில்மி கூஜாவோடு நின்றான். ஓடவில்லை. சணல் கயிறு கட்டிய இடுப்பு. நான் அவனை நோக்கி நடந்தது நினைவிருக்கிறது. ஓடியது நினைவில்லை. முதல் குத்தில் அவன் உதடு இரண்டாகப் பிளந்தது. கூஜா உருண்டது. மேலே ஏறி உட்கார்ந்து அடித்தேன். கை எண்ணெயில் வழுக்கியது, வழுக்கிய இடத்திலெல்லாம் அடித்தேன். அவன் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. அது என் வெறியை இன்னும் ஏற்றியது.

"தடுடா! தடு!"

"புள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாடா" என்றான், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. "ஒரு மாசம் நீ எந்திரிக்காம இருந்தா போதும்னு நெனச்சேன். கால்ல மட்டும் அடிக்கத்தான் வந்தேன். நீ என் காலப் புடிச்சுட்ட. பயந்துட்டேன். அப்புறம் கை நிக்கலடா. சத்தியமா நிக்கல."

அவன் கழுத்தில் என் இரண்டு கையும் இருந்தன. என் கையும் நிற்கவில்லை. அவன் கண் மேலே செருகியது.

யாரோ என் கால்சட்டை இடுப்பைப் பிடித்து, கோதாவில் எதிராளியைத் தூக்குகிற பிடியில் தூக்கி, அப்படியே பின்னால் எறிந்தார்கள். ஷாபான்.

"அவனக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிட்டா எனக்கு யாருடா? என் பல்லுக்குப் பதில் சொல்லிட்டுப் போ. திரும்பி நில்லு, முதுகு பாதிதான் ஆச்சு."

திரும்பி நின்றேன். அவன் மிச்சத்தையும் பூசினான். காளைத் தலைகள் மேல் வரும்போது மட்டும் கை லேசானது. தோளிலிருந்து இடுப்புவரை, ஒரு இடம் விடாமல், ஆயிரம் பேர் பார்க்கப் பூசினான்.

நாற்பத்திரண்டு நிமிடம் மோதினோம். அவன் கையை முறிக்கவில்லை. என் இடது முழங்காலை அவன் தொடவில்லை. தொட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் முடித்திருப்பான். கடைசியில் இடுப்பைப் பிடித்துத் தூக்கி மல்லாத்தினான். எங்கள் பக்கத்தில் வயிறு வானத்தைப் பார்த்தால் தோல்வி. பார்த்தது. பரிசாகக் கிடைத்த ஆட்டுக்கடாவைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கோதாவைச் சுற்றினான்.

திங்கட்கிழமை ஹில்மியின் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவன் வாயைத் திறக்கத் தயங்கினான். தாடையை நானே பிடித்துத் திறந்தேன். பிளந்த உதடு மறுபடி கசிந்தது.

"இது யாரு பண்ணது?" என்றாள் ஸ்வெத்கோவா.

"நான்."

"உங்க முதுகு?"

"அவன்."

பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டபடி, "நல்ல குடும்பம்" என்றாள்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. ஹில்மியின் டான்சிலில் அந்தக் கிருமி நிறைந்து கிடந்தது. ஒரு வலி, ஒரு காய்ச்சல் இல்லாமல். எவ்வளவு நாளாகவோ, யாருக்குத் தெரியும். எனக்கு நஞ்சு வரக்கூடாது என்று அவன் முதலில் குடித்துப் பார்த்துக் கொடுத்த ஒவ்வொரு மடக்கிலும் அது எனக்கு வந்திருக்கிறது.

"அப்ப எனக்கு ஏன் புள்ளி வரல?" என்றான் ஹில்மி. கேட்கும்போது தரையைத்தான் பார்த்தான்.

"உங்க ஒடம்புக்கு அவ்வளவு கோவம் வரல. அவருக்கு வந்துச்சு. ரெண்டு பேரும் பத்து நாள் மாத்திரை. கூஜாவைத் தூக்கிப் போடுங்க. குழந்தைக்கும் தொண்டையைப் பாக்கணும்."

அண்ணிக்கு நான்தான் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், பெல்ட்டைத் தவிர. பெல்ட்டை அவளுக்கு ஊர் சொல்லியிருந்தது.

"அப்ப ஒட்டறது ஹில்மிக்கு இருந்தது, ஒட்டாதது உனக்கு. அப்படித்தானே?" என்றாள்.

"அப்படித்தான் அண்ணி."

"மாத்திரை முடியட்டும். புள்ளையத் தூக்கிட்டு வந்து ஒன்னப் பாத்துட்டுப் போறேன். அவர அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

நான் ஆலைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். ஆகஸ்டுக்குள் புள்ளிகள் அநேகமாக உதிர்ந்துவிட்டன. காளைகளில் இரண்டு மங்கிவிட்டன. நடுவில் இருப்பது மட்டும் போகவில்லை. எண்ணெய் பூசும்போது ஒவ்வொரு எதிராளியும் அங்கே ஒரு நொடி நிற்கிறான், பிறகு பூசுகிறான்.

ஹில்மியின் உதடு எட்டே நாளில் ஆறிவிட்டது. ஒரு தழும்புகூட இல்லை.